மேடையில் பாடிய கதையைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த ஒரு மேடை நாடகத்தைப் படமாக்க நினைப்பவர்களில் பலர் முதலில் செய்வது, பிரதியைக் கையில் எடுத்து எந்தப் பாட்டை வெட்டலாம் என்று பென்சிலால் கோடு போடுவதுதான். அந்த வேலைக்கு நேரம் வரும், ஆனால் அது பின்னால். முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் படத்துக்குள் வாழும் மனிதர்கள் ஏன் பாடுகிறார்கள்?

மேடையில் இந்தக் கேள்வியே எழாது. திரை விலகுகிறது, இசைக்குழு வாசிக்கிறது, நடிகர் நம்மைப் பார்த்துப் பாடுகிறார், முடிந்ததும் கை தட்டுகிறோம். அது நாடகம் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். கேமரா அப்படியல்ல. நிஜமான தெரு, நிஜமான சமையலறை, வியர்த்த முகம் என்று காட்டிவிடுகிறது. அதற்கு நடுவே ஒருவர் வாய் திறந்து பாடினால் பார்ப்பவருக்குள் ஒரு சின்னத் தயக்கம் வரும். அதைக் கடக்க வைப்பதுதான் இந்தத் தொழிலின் மையம். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வருகிறது.

படத்தில் பாட்டு நமக்குப் பழகிப்போனதுதானே என்று தோன்றலாம். உண்மைதான், ஆனால் நம் படப் பாட்டு பெரும்பாலும் கதையை நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குப் போய்த் திரும்பி வருவது. இசை நாடகத்தில் பாட்டே காட்சி. பாட்டு தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது இருக்காது. நம் படப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் இந்த வேலை சறுக்கும்.

உதாரணங்களை நியூயார்க்கின் பிராட்வே, லண்டன் மேடைகளிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன படைப்புகளிலிருந்து எடுக்கிறேன். மேடை வடிவமும் பட வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கிடைப்பது அங்கேதான் அதிகம்.

உரிமை யாரிடம் இருக்கிறது

இசை நாடகத்துக்கு ஒரே சொந்தக்காரர் இருப்பது அபூர்வம். கதை வசனம் ஒருவர், மெட்டு ஒருவர், பாடல் வரிகள் ஒருவர். கதையே வேறொரு நூலிலிருந்து வந்திருந்தால் அங்கே இன்னொருவர். 'காபரே'யைப் பாருங்கள். கிறிஸ்டோபர் இஷர்வுட் பெர்லினைப் பற்றி எழுதிய கதைகள், அவற்றிலிருந்து 1951இல் ஜான் வான் ட்ரூட்டன் எழுதிய நாடகம், அதிலிருந்து 1966இல் பிராட்வே இசை நாடகம், பிறகு 1972இல் படம். உங்கள் கதைக்கு இப்படி எத்தனை அடுக்கு என்று முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா, யாரிடம் என்று கேளுங்கள்.

மேடையில் நடிக்க வாங்கிய அனுமதி படமெடுக்கும் அனுமதி ஆகாது. கல்லூரி விழாவுக்கு வாங்கும் உரிமத்தில் பெரும்பாலும் வீடியோ எடுப்பதற்கே தடை இருக்கும்.

இந்தியாவில் செய்கிறீர்கள் என்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். படத்தை முடித்து வெளிநாட்டு ஓடிடிக்குக் கொடுக்கப் போகிற நேரத்தில் இந்த இரண்டு வரி இல்லாதது தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட முடியாது. அது அவர்களுடைய உரிமை, கொடுக்க வேண்டியதைக் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

புகழ்பெற்ற நாடகம் என்றால் விலையும் அதற்கேற்ப. 'மை ஃபேர் லேடி'யின் பட உரிமைக்கு வார்னர் நிறுவனம் 1960களிலேயே 55 லட்சம் டாலர் கொடுத்தது. கையில் பணமில்லாமல் பயிற்சிக்காகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை, உரிமைக் காலம் முடிந்த நாடகத்தை எடுங்கள் என்பதே. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் படைப்பு பொதுவுடைமை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் பாட்டாலேயே நடக்கிற நாடகங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் வள்ளி திருமணத்தை இன்றும் விடிய விடியப் பார்க்கலாம். இப்போதைய குழுக்கள் சேர்த்த மெட்டும் பேச்சும் அவர்களுடையவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தமிழ்ப் பேசும் படத்தின் தொடக்க காலமே இந்த வழியில் வந்ததுதான். மேடையில் பவளக்கொடியாக ஓடிக்கொண்டிருந்ததை, தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் வைத்து 1934இல் கே. சுப்பிரமணியம் படமாக்கினார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை

உரிமை விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை எடுங்கள். யார் பாடுகிறார், யாரிடம் பாடுகிறார், பாட்டு தொடங்கும்போது அவர் நிலை என்ன, முடியும்போது என்ன மாறியிருக்கிறது, எத்தனை நிமிடம். இவ்வளவு போதும். 'என்ன மாறியிருக்கிறது' என்ற இடத்தில் எழுத எதுவும் கிடைக்காத பாட்டை வெட்ட வேண்டும் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அட்டையை ஓரமாக வையுங்கள், அவ்வளவுதான்.

சில பாட்டுகள் மேடையின் தேவைக்காகவே பிறந்தவை. பின்னால் செட் மாற்ற வேண்டும், அதனால் முன்திரைக்கு முன்னால் இரண்டு பேர் நின்று பாடுவார்கள். நாயகி உடை மாற்ற வேண்டும், அதனால் தோழிகளுக்கு ஒரு பாட்டு. இவற்றை அட்டையில் தனியாகக் குறியுங்கள். படத்தில் ஒரே வெட்டில் இடமும் உடையும் மாறிவிடும் என்பதால் அந்தக் காரணம் அங்கே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டு அழகாக இருக்கலாம், அப்படியானால் அது இருப்பதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

பாட்டு ஆல்பத்தை மட்டும் கேட்டு வேலை செய்யாதீர்கள். ஆல்பத்தில் வசனம் இருக்காது, பாட்டுக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பது அங்கே தெரியாது. முடிந்தால் மேடையில் பாருங்கள், முடியாவிட்டால் முழுப் பிரதியை வாய்விட்டுப் படியுங்கள்.

மூல நூலுக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். 'காபரே' மேடையில் கதை சொல்லும் எழுத்தாளர் ஓர் அமெரிக்கர், பாடகி சாலி ஆங்கிலேயப் பெண். படத்தில் அவள் அமெரிக்கப் பெண், அவன் ஆங்கிலேயன். இஷர்வுட்டின் கதைகளில் கதைசொல்லி ஆங்கிலேயன்தான். மேடையில் பெரிய இடம் பிடித்த வயதான வீட்டுக்காரம்மாவின் காதல் கதையைப் படம் விட்டுவிட்டது, அதற்குப் பதிலாகப் பழைய கதைகளில் இருந்த பணக்கார யூதப் பெண் நடாலியாவைத் திரும்பக் கொண்டுவந்தது. மேடை நாடகத்துக்கு விசுவாசம் என்றால் அதன் வரிகளை அப்படியே காப்பது என்று நினைக்க வேண்டியதில்லை.

பாடுவதற்கு ஒரு விதி

இனி மையத்துக்கு வருவோம். படத்தில் பாட்டு எங்கே வாழ்கிறது என்பதற்கு ஒரு விதி வேண்டும். திரைக்கதையின் முதல் பக்கத்துக்கு மேலே அதை ஒரே வாக்கியமாக எழுதி ஒட்டுங்கள். பெரிய படங்கள் போன வழிகளைப் பார்த்தால் புரியும்.

பாப் ஃபாஸி இயக்கிய 'காபரே'யில் விதி கறாரானது: பாட்டு என்றால் அது கிட் கேட் கிளப்பின் மேடையில் பாடப்படும் பாட்டு. நாடகத்தில் பாத்திரங்கள் அறையில் உட்கார்ந்து மனம் திறந்து பாடிய பாட்டுகள் போயின. பாடுவது அவர்கள் தொழில், அதனால் ஏன் பாடுகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விதியை ஒரே ஓர் இடத்தில் ஃபாஸி உடைக்கிறார். வெயில் விழும் ஒரு தோட்ட உணவகத்தில் அழகான ஓர் இளைஞன் எழுந்து பாடுகிறான். கேமரா இறங்கும்போது கையில் நாஜிப் பட்டை தெரிகிறது. ஒவ்வொருவராக எழுந்து கூடச் சேர்கிறார்கள். கிளப்புக்கு வெளியே வந்த அந்த ஒரே பாட்டு உடம்பைச் சில்லிட வைக்கிறது என்றால், அதுவரை விதியை அவ்வளவு கவனமாகக் காத்ததுதான் காரணம்.

'சிகாகோ' மேடைக்கு வந்தது 1975இல், படமானது 2002இல். மேடையில் அது ஒரு கலைநிகழ்ச்சியைப் போல, ஒவ்வொரு பாட்டும் ரசிகர்களுக்கு நேராகப் பாடப்படுவது. கேமராவுக்கு முன் அப்படியே வைத்தால் நிற்காது. திரைக்கதை எழுதிய பில் கான்டனும் இயக்குநர் ராப் மார்ஷலும் கண்ட வழி: பாட்டுகள், கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் நாயகி ராக்ஸியின் மனதுக்குள் நடக்கின்றன. அவள் மேடை நட்சத்திரம் ஆக ஏங்குபவள், அதனால் சிறையும் நீதிமன்றமும் அவள் கண்ணுக்கு மேடையாகவே தெரிகின்றன. படம் சிறைக்கும் மேடைக்கும் நடுவே மாறி மாறி வெட்டுகிறது. 1968இல் வந்த 'ஆலிவர்!' படத்துக்குப் பிறகு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் இசை நாடகப் படம் இதுதான்.

மூன்றாவது வழி, எந்தச் சாக்கும் சொல்லாமல் வெளிப்படையாகப் பாட வைப்பது. கடினமான வழி இதுதான், கைகூடினால் இதைப்போல் நிறைவு தருவதும் வேறில்லை. இங்கே விதியைப் பார்ப்பவருக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் தொடக்கத்தை ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பாருங்கள். முதலில் நியூயார்க் நகரம் உயரத்திலிருந்து. பிறகு இளைஞர்கள் விரல் சொடுக்குகிறார்கள். நடக்கிறார்கள். நடையில் ஒரு சின்ன அசைவு சேர்கிறது, ஒருவன் கையை விரிக்கிறான், அப்புறம்தான் முழு நடனம். பாட்டுக்கு முன்பே, தெருவில் ஆடுவது இந்த ஊரில் இயல்பு என்று நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார்கள். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' காற்றும் மலையுமாகத் தொடங்கி, ஆளில்லாத புல்வெளியில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணிடம் வருகிறது. அப்படி ஓர் இடத்தில் யாருக்குத்தான் பாடத் தோன்றாது?

முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நகரும் 'லெ மிஸெராப்ல்' போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே தாண்ட வேண்டிய வரப்பே இல்லை. ஆனால் இரண்டரை மணி நேரம் காதுக்கு ஓய்வில்லை என்ற வேறு சிக்கல் வரும். பாடாத மௌனங்களை நீங்களே திட்டமிட்டு வைக்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் விதி தெரிந்துவிட வேண்டும். அரை மணி நேரம் சாதாரணப் படமாக ஓடவிட்டுப் பிறகு பாட வைப்பது பார்ப்பவரை ஏமாற்றுவது போல ஆகிவிடும்.

நகர்த்து, வெட்டு, சேர்

விதி முடிவானதும் அட்டைகளைத் தரையில் பரப்புங்கள். இந்தக் கட்டத்தில் எர்னஸ்ட் லேமனிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் அவர். இரண்டையும் இயக்கியவர் ராபர்ட் வைஸ், முதல் படத்தில் ஜெரோம் ராபின்ஸோடு சேர்ந்து.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959இல் மேடைக்கு வந்தபோது, தனக்குப் பிடித்த பொருள்களைப் பட்டியலிடும் பாட்டை நாயகி மரியா, தான் துறவியாகப் பயிலும் மடத்தில் தலைமைச் சகோதரியோடு சேர்ந்து பாடினாள். பிறகு ஒரு கேப்டனின் வீட்டில் அவருடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில், இடிமழை இரவில் பயந்துபோன அவர்களுக்குப் பாடியது ஆட்டிடையன் பாட்டு. படம் இடத்தை மாற்றியது. பிடித்த பொருள்களின் பாட்டு இடிமழை இரவுக்கு வந்தது, ஆட்டிடையன் பாட்டு பொம்மலாட்டக் காட்சி ஆனது. மடத்தில் இனிமையான ஒரு பாட்டாக இருந்தது, இப்போது பயத்துக்கு மருந்தாகிவிட்டது. வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கேட்கிற ஆள் மாறியதும் பாட்டுக்கு வேலை வந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே படத்தில் மூன்று பாட்டுகள் வெட்டப்பட்டன. அவற்றில் இரண்டு, கேப்டனின் பணக்காரக் காதலி எல்சாவும் நண்பர் மாக்ஸும் சேர்ந்து பாடியவை. விளைவைக் கவனியுங்கள்: படத்தில் எல்சா பாடுவதே இல்லை. பாட்டு நிரம்பிய அந்த வீட்டுக்குள் பாடாத பெண் அந்நியமாகத் தெரிகிறாள். நேரத்தை மிச்சப்படுத்திய வெட்டு பாத்திரத்தையும் வரைந்து காட்டிவிட்டது. மூன்றாவது, கேப்டனும் மரியாவும் பாடிய காதல் பாட்டு. அதன் இடத்துக்குப் புதுப்பாட்டு ஒன்று வந்தது. பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் 1960இலேயே மறைந்துவிட்டதால், படத்தின் இரண்டு புதுப்பாட்டுகளும் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் பேரிலேயே வந்தன. மற்றொன்று, மடத்திலிருந்து கேப்டன் வீட்டுக்கு மரியா பெட்டியோடு போகும் வழியில் பாடுவது. மேடையில் இந்தப் பயணத்தைக் காட்டவே முடியாது. புதுப்பாட்டு சேர்க்க விரும்பினால் இதுதான் சரியான காரணம்: மேடை காட்ட முடியாத ஒரு தருணம் படத்தில் இருக்கிறது, அதற்குப் பாட்டில்லை. அசல் பாட்டுக்கான ஆஸ்கர், படத்துக்கென்று எழுதிய பாட்டுக்குத்தான் கிடைக்கும் என்பதாலும் சில தயாரிப்பாளர்கள் புதுப்பாட்டு கேட்பார்கள். அது மட்டுமே காரணம் என்றால் பாட்டு கதைக்குள் ஒட்டாது.

இரண்டு தெருக் கும்பல்களின் மோதலைச் சொல்லும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் இரண்டு பாட்டுகளின் இடம் ஒன்றுக்கொன்று மாறியது. மேடையில் கத்திச் சண்டைக்கும் சாவுகளுக்கும் பிறகு ஒரு கேலிப்பாட்டு வரும், பதற்றத்தை அடக்கும் பாட்டு சண்டைக்கு முன்னால் வரும். 1961 படம் கேலியை முன்னால் தள்ளி, அடக்கத்தைச் சாவுக்குப் பின்னால் வைத்தது. மேடையில் இடைவேளைக்குப் பிறகு ரசிகரைச் சிரிக்க வைக்க வேண்டியிருக்கிறது, படத்தில் இருள் இறங்கியபின் சிரிப்பு இடறும். தன் அழகில் மகிழ்ந்து இந்தக் கதையின் நாயகி (இவள் பெயரும் மரியாதான்) பாடும் பாட்டையும் இதே காரணத்துக்காகச் சண்டைக்கு முன்னால் கொண்டுபோனார்கள். ஸ்பீல்பெர்க் 2021இல் எடுத்தபோது, டோனி குஷ்னரின் திரைக்கதை அதை மறுபடி சாவுக்குப் பின்னால் வைத்தது. சண்டையில் அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், அவள் சிரித்துப் பாடுகிறாள். இரண்டு முடிவுக்கும் நியாயம் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, மனம் கனத்தாலும்.

இடைவேளையும் முடிவும்

மேடை நாடகம் இரண்டு பாதியாகக் கட்டப்பட்டது. முதல் பாதி ஒரு பெரிய பாட்டில் முடியும், ரசிகர்கள் அந்த வேகத்தோடு வெளியே போவார்கள். ஹாலிவுட்டில் இடைவேளை போய்விட்டதால் அந்த உச்சத்துக்குப் பிறகு கதை தடுமாறுவது அங்கே பெரிய தலைவலி. 'விக்கெட்' குழு இதற்குத் துணிந்து ஒரு முடிவெடுத்தது. நாடகத்தை இரண்டு படமாக்கி, மேடையின் முதல் பாதி முடியும் பாட்டிலேயே 2024இல் வந்த முதல் படத்தை முடித்தார்கள். நம் திரையரங்குகளில் இடைவேளை இன்னும் இருக்கிறது. இங்கே வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி, மேடையின் அந்த உச்சத்தை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் ஓடிடியில் பார்ப்பவர் நிறுத்தாமல் தொடர்வார். இடைவேளை அட்டைக்கு முன்னும் பின்னும் வரும் காட்சிகளை ஒட்டிப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முடிவு இன்னும் ஆபத்தானது. 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' 1982இல் வந்த சிறிய மேடை நாடகம். ரத்தம் குடிக்கும் செடி கடைசியில் நாயகன் நாயகி இருவரையும் தின்றுவிடும். மேடையில் அது வெற்றி. இயக்குநர் ஃப்ராங்க் ஓஸ் 1986இல் அதே முடிவோடு படமெடுத்து முன்னோட்டத் திரையிடலில் காட்டினார். அதுவரை பாட்டுக்குப் பாட்டு கை தட்டிய கூட்டம் உறைந்துபோனது. முடிவை மாற்றி, இருவரும் பிழைப்பதாகப் படமெடுத்துத்தான் வெளியிட்டார்கள். காரணத்தை ஓஸ் பின்னாளில் தெளிவாகச் சொன்னார்: மேடையில் செத்தவர்கள் கடைசியில் வந்து தலை வணங்குகிறார்கள், படத்தில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. உங்கள் நாடகத்தின் முடிவு அந்த வணக்கத்தை நம்பி நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளியே போவது

படம் என்றதும் எல்லாரும் வெளியே ஓடப் பார்ப்பார்கள், மலை, கடல், சந்தை என்று. இடம் மாறியதால் மட்டும் மேடைத்தனம் போகாது. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில், சால்ஸ்பர்க் ஊரில் மரியா குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லித்தரும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் அது ஒரே அறையில், ஒரே மூச்சில் நடப்பது. படத்தில் மலைப் புல்வெளியில் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, மிராபெல் தோட்டப் படிகளில் முடிகிறது. இடம் மாறும்போது உடையும் மாறுகிறது, அதாவது நாள்கள் ஓடுகின்றன. பாடத் தெரியாத குழந்தைகள் பாடத் தெரிந்தவர்கள் ஆகிறார்கள். வெளியே போனதால் காலத்தைச் சுருக்க முடிந்தது, அதுதான் லாபம். ஒவ்வொரு வெளிப்புறக் காட்சிக்கும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

வெளியே போனால் இயற்கையும் கூட வேலை செய்யும் என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள். அந்தப் படத்தின் முதல் காட்சியில், படமெடுத்த ஹெலிகாப்டரின் காற்று டேக்குக்கு டேக் மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸைக் கீழே தள்ளியது.

குரல்: முன்பே பதிவதா, அங்கேயே பாடுவதா

பழகிய முறை, ஸ்டூடியோவில் பாட்டைப் பதிந்துவிட்டுப் படப்பிடிப்பில் நாகராவில் (பாட்டை ஒலிக்கவிடும் கருவியில்) ஓட்டி வாயசைப்பது. தாளம் அசையாது, எத்தனை கோணத்தில் எடுத்தாலும் வெட்டி ஒட்டலாம், நடனக் காட்சிக்கு இதைவிட நல்ல வழியில்லை. குறை என்னவென்றால், அந்தக் காட்சியை நடித்தே பார்க்காத ஒருவர் மாதங்களுக்கு முன்பே அதன் உணர்ச்சியை முடிவு செய்துவிடுகிறார். இதற்கு எளிய மருந்து, காட்சியை ஒத்திகை பார்த்து முடித்த பிறகே பாட்டைப் பதிவது, பதிவின்போது இயக்குநர் கூட இருப்பது. பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தில் ஸ்டூடியோ ஒலி பளிச்சென்று வேறுபட்டுக் காட்டிக்கொடுக்கும். முதல் ஒரு வரியைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாட வைத்து, இரண்டாவது வரியில் பதிவுக்கு நழுவினால் அந்த ஒட்டு தெரியாது.

மற்றது நேரடிப் பாட்டு. 'மை ஃபேர் லேடி'யில் ரெக்ஸ் ஹாரிசன் வாயசைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால், 1960களின் ஒயர்லெஸ் மைக்கை அவருடைய கழுத்துப் பட்டையில் ஒளித்து வைத்தார்கள். 2012இல் டாம் ஹூப்பர் 'லெ மிஸெராப்ல்' முழுவதையுமே இப்படி எடுத்தார். நடிகர் காதில் சிறு இயர்பீஸ், அதில் பக்கத்தில் வாசிக்கும் பியானோ. நடிகர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே பியானோவும் நிற்கும். முழு இசைக்குழுவைப் பிறகு அந்தப் பாட்டுக்கு ஏற்ப வாசித்துச் சேர்த்தார்கள். ஆன் ஹாத்வேயின் பெரிய பாட்டை நெருக்கமான ஒரே நீண்ட ஷாட்டில் எடுத்ததற்கு இதுதான் வழி திறந்தது. அழுகை குரலை உடைக்கும் இடம் கண்ணில் தெரியும் அதே கணத்தில் காதிலும் விழுகிறது. அந்தப் பாட்டின் இடத்தையும் மாற்றியிருந்தார்கள். மேடையில் அவர் நடித்த ஃபான்டீன் என்ற பெண் வேலை போனவுடன் பாடுவாள், படத்தில் கூந்தலும் மானமும் போனபின் பாடுகிறாள்.

நேரடிப் பாட்டுக்கு ஆசைப்படும் புதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு டேக்கிலும் வேகம் மாறும், எனவே ஒரு டேக்கிலிருந்து இன்னொரு டேக்குக்கு வெட்ட முடியாது. இரண்டு மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அல்லது வெட்டே இல்லாமல் எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் தூரத்தில், மின்விசிறி நிறுத்தி, செருப்புக்கு அடியில் துணி ஒட்டி. பட்டுப்புடவையின் சரசரப்புகூட மைக்கில் விழும். மனம் திறக்கும் தனிப்பாட்டை நேரடியாகவும் கூட்ட நடனத்தை நாகராவிலும் எடுப்பதுதான் சிறு படங்களுக்கு நடைமுறை.

நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது நமக்குப் புதிதல்ல. ஹாலிவுட்டிலும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நாடலி வுட்டுக்கும் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர் மார்னி நிக்சன், அந்தப் படங்களில் அவர் பெயர்கூட வரவில்லை. நம் பின்னணிப் பாடகர்களுக்குக் கிடைத்த மரியாதையை நினைக்கும்போது அது பெரிய அநியாயமாகவே படுகிறது. ஆனால் இசை நாடகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஆள் பேசிவிட்டுப் பாடுவார். பேச்சுக் குரலுக்குப் பொருந்தும் பாட்டுக் குரலைத் தேடுவதில் நாம் வழக்கமான படத்துக்குக் காட்டும் கவனத்தைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

மேடையிலிருந்து வரும் நடிகர்களோடு பொறுமையாக இருங்கள். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று வருடக்கணக்காகப் பழகிய முகம் அது. 'குறைத்து நடியுங்கள்' என்று சொன்னால் பாட்டின் உயிரையும் குறைத்துவிடுவார்கள். 'எதிரே நிற்பவருக்கு மட்டும் பாடுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள்.

நடனமும் கேமராவும்

மேடை நடனம் ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக அமைந்தது. கேமராவை அப்படியே முன்னால் நிறுத்தினால் தட்டையாகத் தெரியும், கண்டபடி வெட்டினால் காலைக் காட்டும்போது கை போய்விடும். என் பரிந்துரை: ஒரு பாட்டின் முக்கியமான இரண்டு மூன்று இடங்களில் முழு உடம்பும் தெரியும் ஷாட்டை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் கேமரா ஆடட்டும்.

படப்பிடிப்புக்கு முன்பே ஒத்திகையை செல்போனில் எடுத்து, தற்காலிகப் பாட்டோடு ஒட்டி எடிட் செய்து பாருங்கள். செலவில்லாத வேலை, ஆனால் எந்தப் பாட்டு நீளம், எங்கே ஷாட் போதவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். திட்டம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெரோம் ராபின்ஸே சான்று. மேடையில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை உருவாக்கிய மேதை, படத்தையும் வைஸோடு சமமாகச் சேர்ந்து இயக்கியவர். நடனங்களைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் நாளும் பணமும் கைமீறிப் போக, பாதியில் அவரை விலக்கினார்கள். இயக்குநருக்கான ஆஸ்கர் பிறகு இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

எடிட்டிங் மேசையில்

மேடைப் பாட்டு கைதட்டலுக்கு இடம் விட்டு முடியும். கடைசி அடி, கை மேலே, ஒரு நிறுத்தம். படத்தில் அந்த நிறுத்தம் வெற்றிடமாக நிற்கும். 'சிகாகோ' தன் கற்பனை மேடைக்குள்ளேயே கைதட்டலையும் வைத்துக்கொண்டது. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால், கடைசி ஸ்வரம் ஒலிக்கும்போதே அடுத்த காட்சியின் ஓசையைக் கொண்டுவாருங்கள், கதவு திறப்பதோ ரயில் வருவதோ எதுவானாலும் சரி. அல்லது பாட்டைப் பாதியில் யாராவது வந்து கலைக்கட்டும்.

எடுத்த பாட்டையும் வெட்ட வேண்டி வரலாம். 'சிகாகோ'விலும் முழுதாக எடுத்த ஒரு பாட்டு கடைசியில் வெட்டப்பட்டது. ராக்ஸி அங்கே இல்லை, அவள் மனதுக்குள் நடக்கும் பாட்டுகள் என்ற விதிக்குள் அது உட்காரவில்லை. முதல் பக்கத்தில் ஒட்டிய அந்த ஒரு வாக்கியம் எடிட்டிங் மேசைவரை கூட வருவது இப்படித்தான்.

வெளியிடும் முன் நாடகம் தெரியாத இருபது முப்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நாடக ரசிகர்கள் இல்லாததைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், அவர்கள் சொல்வது உங்களுக்கு உதவாது. திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். பாட்டு தொடங்கும் கணத்தில் யார் செல்போனை எடுக்கிறார்கள், எந்தப் பாட்டில் எடுத்த போனைத் திரும்ப வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் வெளியே வந்த இடங்களில் பாட்டை வெட்டுவதற்கு முன்னால், அதற்கு முந்தைய ஒரு நிமிடக் காட்சியைத் திரும்ப எடிட் செய்து பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.